ஆரக்கிள் காலாண்டு பேட்ச்: பேட்சுக்கு நல்ல மார்க், அறிவிப்புக்கு ஃபெயில் மார்க்

ஆரக்கிள் டேட்டாபேஸைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது அதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் பாதுகாப்பு பேட்சை, அதாவது ஓட்டைகளை அடைக்கும் திருத்தத்தைப் பற்றி மட்டும். ‘கிரிட்டிகல் பேட்ச் அப்டேட்’ என்று பெயர். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் வெளியாகும்; நமக்கு அதற்குள் புதன் பிறந்திருக்கும். லைசென்ஸ் விலையில் 22 சதவீதத்தை வருஷா வருஷம் சப்போர்ட் கட்டணமாகக் கட்டுகிறோமே, அதற்கு ஈடாகக் கைக்கு என்ன வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் இதுதான். சப்போர்ட் கட்டாதவர்களுக்கு பேட்ச் கிடையாது. ஆகவே இதையும் காசு கொடுத்து வாங்கிய பொருளாக வைத்து, கொடுத்த காசுக்குத் தகுமா என்று பார்ப்பதுதான் நியாயம்.

கோவையில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் டிபிஏ, அதாவது டேட்டாபேஸைப் பராமரிக்கும் வேலை எனக்கு. லினக்ஸில் ஒரு 19சி வெர்ஷன் டேட்டாபேஸ் (10ஜி, 11ஜி, 12சி எல்லாம் அதற்கு முந்தையவை), அதன் மேல் ஓர் ஈஆர்பி (கம்பெனியின் கணக்கு, ஸ்டாக் எல்லாம் ஓடும் மென்பொருள்), சுற்றிலும் அதை நம்பிப் பிழைக்கும் சின்னச் சின்ன மென்பொருள்கள். பேங்குகளில் இருப்பதுபோல செக்யூரிட்டிக்கு ஒரு டீம், பேட்சுக்கு ஒரு டீம் என்றெல்லாம் இங்கே கிடையாது. பேக்கப் நான்தான், பேட்ச் நான்தான், டிஸ்பாட்ச் செக்‌ஷனில் பிரின்டர் மக்கர் செய்தாலும் சில நாள் நான்தான். பெரிய இடத்து ஆட்களுக்கு நான் சொல்வதில் சிலது பொருந்தாமல் போகலாம்.

முதலில் அறிவிப்பு. ஆரக்கிள் விற்கும் அத்தனை மென்பொருளுக்கும் சேர்த்து ஒரே பக்கம், நூற்றுக்கணக்கான ஓட்டைகள். அதில் டேட்டாபேஸ் சர்வருக்கென்று வருவது பெரும்பாலும் கொஞ்சம்தான். ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஒரே வரி: சிவிஇ எண் (ஒவ்வொரு ஓட்டைக்கும் உலகப் பொதுவாகத் தரும் அடையாள எண்), டேட்டாபேஸின் எந்தப் பாகம், தாக்குகிறவனுக்கு என்ன உரிமை இருந்தால் போதும், எந்த புரோட்டோகால், லாகின் இல்லாமலே வெளியிலிருந்து தாக்க முடியுமா, சிவிஎஸ்எஸ் மதிப்பெண் (ஆபத்தின் அளவு, பத்துக்கு), எந்தெந்த வெர்ஷன்.

புதிதாக வருகிற பையன்கள் நேராக மதிப்பெண்ணுக்குப் போவார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் ‘லாகின் இல்லாமலே’ என்ற கட்டம். அதில் ‘ஆம்’ என்று இருந்தால் வேறு பேச்சே இல்லை, அந்த வாரமே வேலை. ‘இல்லை’ என்றால் அடுத்தது உரிமைக் கட்டம். அங்கே டிபிஏ அளவுக்கு உரிமை கேட்டிருந்தால் அவசரம் இல்லை. அவ்வளவு உரிமை கையில் உள்ளவன் கெடுதல் செய்ய ஓட்டையைத் தேடிப் போக வேண்டியதில்லை. ‘கிரியேட் செஷன்’ என்று இருந்தால்தான் வயிறு கலங்கும். லாகின் செய்வதற்கு மட்டும் தரும் உரிமை அது. ஸ்டோர்ஸில் ரிப்போர்ட் பார்க்கக் கொடுத்த யூசர் ஐடியிலும் இருக்கும், எப்போதோ வந்துபோன கன்சல்டன்டின் ஐடியிலும் இருக்கும்.

அப்படி ஒன்று 2018 ஆகஸ்ட் 10, வெள்ளிக்கிழமை வந்தது. காலாண்டுக் கணக்குக்குக் காத்திராமல் ஆரக்கிள் தனியாக விட்ட எச்சரிக்கை, சிவிஇ-2018-3110. டேட்டாபேஸுக்குள்ளேயே ஜாவா புரோகிராம்களை ஓட்டும் ஜாவா விஎம்மில் ஓட்டை. தேவையான உரிமை கிரியேட் செஷன். மதிப்பெண் 10-க்கு 9.9. டேட்டாபேஸை முழுசாகப் பிடிப்பதோடு, அது ஓடும் சர்வரின் ஷெல் (கமாண்ட் அடிக்கும் இடம்) வரைக்கும் போய்விடலாம் என்று ஆரக்கிளே எழுதியது. விண்டோஸில் ஓடும் 11.2.0.4, 12.2.0.1 வெர்ஷன்களுக்கு அன்று பேட்ச் தந்தார்கள். லினக்ஸ், யூனிக்ஸ் ஆட்களுக்கு ஜூலை பேட்சிலேயே அது வந்துவிட்டிருந்தது. ‘ஜூலைதானே, அக்டோபரில் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்’ என்று விட்டவர்களுக்கு, தாங்கள் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது ஆகஸ்டில்தான் தெரிந்தது.

சரி, அந்த ஜாவா ஓட்டை என்னதான்? எந்த கிளாஸ், எந்த பேக்கேஜ், பேட்ச் போட முடியாதவன் எதை அணைத்து வைத்தால் தப்பிக்கலாம்? அறிவிப்பில் கிடையாது. அட்டவணையில் இருப்பதற்கு மேல் ஒரு வரி சொல்வதில்லை என்பது ஆரக்கிளின் கொள்கை. விவரம் சொன்னால் தாக்குகிறவனுக்குச் சௌகரியம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது ஒப்பவில்லை. தாக்குகிறவன் பழைய பைனரியையும் (ஓடும் புரோகிராம் ஃபைல்) புதிய பைனரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மாறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வான். அது அவன் தொழில். விவரம் கிடைக்காமல் நிற்பது என்னைப் போன்றவர்கள்தான்.

போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸ் எப்படிச் செய்கிறது பாருங்கள். 2013 ஏப்ரல் 4 அன்று சிவிஇ-2013-1899 வெளியானது. கனெக்ட் செய்யும்போது டேட்டாபேஸ் பெயருக்குப் பதிலாக ‘-’ குறியில் தொடங்கும் ஒன்றைக் கொடுத்தால், சர்வர் அதைத் தனக்கு வந்த கமாண்ட் லைன் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். லாகின்கூட வேண்டாம், டேட்டா ஃபைல்களைக் கெடுத்துவிடலாம். பேட்ச் தயாராகும்வரை யாரும் எட்டிப் பார்க்காதபடி சோர்ஸ் கோடு களஞ்சியத்தையே சில நாள் பூட்டி வைத்தார்கள். வெளியிட்ட அன்று என்ன ஓட்டை, யாருக்கு ஆபத்து, போர்ட்டை ஃபயர்வாலில் அடைத்திருந்தால் எவ்வளவு தப்பிக்கலாம் என்று சாதாரண ஆளுக்கும் புரியும்படி எழுதினார்கள். காசு வாங்காதவர்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையும் ஞாபகம் வருகிறது. 2015 ஆகஸ்டில் ஆரக்கிளின் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி மேரி ஆன் டேவிட்சன் கம்பெனி வலைப்பதிவில் நீளமாக ஒன்று எழுதினார். வாடிக்கையாளர்கள் எங்கள் மென்பொருளின் கோடைப் பிரித்துப் பார்த்து ஓட்டை தேடாதீர்கள், அது லைசென்ஸ் ஒப்பந்தத்துக்கு விரோதம் என்பது சாரம். எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பதிவைத் தூக்கிவிட்டு, அது எங்கள் எண்ணத்தைப் பிரதிபலிக்கவில்லை என்று ஆரக்கிள் சொன்னது. பதிவு போய்விட்டது. அட்டவணை மட்டும் இன்றுவரை அதே ஒரு வரிதான்.

அறிவிப்பைக் குறை சொல்வது வெறும் எரிச்சலால் இல்லை. பேட்ச் போட்ட பிறகும் சில ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். எதை நாமாக அடைக்க வேண்டும் என்பது அட்டவணையில் தெரியாது. இதற்கு 2012-ஆம் வருஷம் ஒன்றே போதும்.

ஆரக்கிளில் லிசனர் என்று ஒன்று உண்டு. 1521 போர்ட்டில் உட்கார்ந்து, வருகிற கனெக்‌ஷனை எந்த டேட்டாபேஸுக்கு அனுப்ப வேண்டும் என்று பார்த்து அனுப்பும். டேட்டாபேஸ்தான் போய் லிசனரிடம் ‘நான் இந்த சர்வீஸ், இந்த இடத்தில் இருக்கிறேன்’ என்று பதிந்துகொள்ளும். ஓர் ஆட்டோ ஸ்டாண்டில் யார் வேண்டுமானாலும் வண்டியைக் கொண்டுவந்து வரிசையில் விடலாம், பேட்ஜ் கேட்க மாட்டார்கள் என்றால் எப்படி இருக்கும்? லிசனர் அப்படித்தான் இருந்தது. நெட்வொர்க்கில் எங்கிருந்தோ ஒருவன் ‘நானும் அதே ஈஆர்பி சர்வீஸ்தான்’ என்று பதிந்தால் அதையும் ஏற்றுக்கொண்டு, வருகிற கனெக்‌ஷன்களில் ஒரு பங்கை அவனுக்கு அனுப்பிவிடும். அவன் அதை வாங்கி உண்மையான டேட்டாபேஸுக்குக் கடத்திவிட்டால் யூசருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. நடுவில் போகிற வருகிற எஸ்கியூஎல் (டேட்டாபேஸுக்கான கட்டளைகள்) எல்லாம் அவன் கண்ணில் படும், வேண்டியதைச் சொருகவும் செய்யலாம். யூசர் நேம் தேவையில்லை, பாஸ்வேர்டு தேவையில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் ஹோக்சியன் கோரெட் என்ற ஸ்பெயின்காரர். ஆரக்கிளுக்குச் சொன்னது 2008-இல். 2012 ஏப்ரல் பேட்ச் அறிவிப்பின் நன்றிப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. நாலு வருஷம் கழித்துச் சரிசெய்துவிட்டார்கள் என்று நினைத்து மனிதர் முழு விவரத்தையும் வெளியிட்டார். பிறகுதான் தெரிந்தது, ஆரக்கிள் சரிசெய்ததாகச் சொன்னது இனிமேல் வரப்போகும் வெர்ஷனில். உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த 10ஜி, 11ஜி எல்லாம் அப்படியே திறந்து கிடந்தன. ஏப்ரல் 30 அன்று அவசர எச்சரிக்கையாக சிவிஇ-2012-1675 வந்தது. அதிலும் பேட்ச் இல்லை. லிசனர் கான்ஃபிகரேஷனில் இதை மாற்றிக்கொள்ளுங்கள், அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்ற குறிப்புகள்தான். 11.2.0.4-இல் ‘வேலிட் நோட் செக்கிங்’ என்ற செட்டிங் வந்தது, 12சியில்தான் அது தானாகவே இயங்கத் தொடங்கியது. அதாவது 11ஜியில் எத்தனை பேட்ச் போட்டிருந்தாலும் அந்த ஒரு வரியை லிசனர் ஃபைலில் கையால் எழுதாதவரைக்கும் ஓட்டை ஓட்டைதான். சப்போர்ட் முடிந்து பல காலம் ஆகியும் ஊரில் எத்தனையோ இடங்களில் சம்பளப் பட்டியல் ஓடும் பழைய 11ஜி பெட்டி ஒரு மூலையில் உயிரோடு இருக்கிறது. இதைப் படிக்கும் யாரிடமாவது அப்படி ஒன்று இருந்தால், அடுத்த பத்தியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் போய் அந்த ஃபைலைப் பாருங்கள்.

அதே வருஷம் செப்டம்பரில் இன்னொன்று. அர்ஜென்டினாவில் எகோபார்ட்டி மாநாட்டில் எஸ்தேபன் மார்தினெஸ் ஃபாயோ காட்டியது, சிவிஇ-2012-3137. 11ஜியில் லாகின் தொடங்கியதும், பாஸ்வேர்டு சரியா என்று பார்ப்பதற்கு முன்பே, சர்வர் ஒரு செஷன் கீயையும் சால்ட்டையும் (பாஸ்வேர்டைச் சரிபார்க்கப் பயன்படும் தகவல்கள்) அனுப்பிவிடும். அதை வாங்கிக்கொண்டு கனெக்‌ஷனைத் துண்டித்துவிட்டால் போதும். வீட்டில் உட்கார்ந்து நிதானமாக பாஸ்வேர்டை ஊகித்துச் சரிபார்க்கலாம். லாகின் முடியவே இல்லை என்பதால் ‘தவறான பாஸ்வேர்டு’ என்று ஆடிட்டில் ஒரு வரி விழாது, அக்கவுன்ட்டும் லாக் ஆகாது. ஆரக்கிள் புதிய லாகின் புரோட்டோகாலைக் கொண்டுவந்து சரிசெய்தது. ஆனால் பழைய கிளையன்ட்கள் நின்றுபோகக் கூடாதே என்று பழைய புரோட்டோகாலையும் ஏற்றுக்கொள்ளும்படி விட்டது. ‘அலவ்டு லாகான் வெர்ஷன்’ என்ற செட்டிங்கை 12 என்று நாமாக மாற்றினால்தான் பழையது நிற்கும்.

19சியில் அது தானாகவே 12. நல்லதுதான். அதற்கு மாறியபோது எங்கள் எடைமேடை நின்றுபோனது. லாரி எடை போடும் இடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் ஒரு சின்ன கம்பெனி எப்போதோ எழுதிக்கொடுத்த மென்பொருள், 10ஜி கிளையன்ட்டோடு. திரையில் ஓரா-28040, ‘பொருத்தமான ஆதென்டிகேஷன் புரோட்டோகால் இல்லை’. வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்க, போனில் அந்த மென்பொருள்காரர் சொன்ன வைத்தியம்: “சார், சர்வர்ல அந்த வேல்யூவ எட்டுன்னு வச்சிருங்க, எல்லாம் ஓடும்.” ஓடும்தான். ஒரு எடைமேடைக்காக மொத்த டேட்டாபேஸும் பழைய லாகினுக்கு இறங்கி வரும். முடியாது என்றேன். கடைசியில் எடைமேடைக் கம்ப்யூட்டர் ஒரு ஃபோல்டரில் டெக்ஸ்ட் ஃபைல் எழுத, சர்வர் பக்கம் ஒரு ஸ்கிரிப்ட் அதை எடுத்து ஏற்றுவதாக மாற்றிக்கொண்டோம். டேட்டாபேஸ் கிளையன்ட்டே அந்தப் பெட்டியில் இப்போது இல்லை. இணையத்தில் ஓரா-28040 என்று தேடினால் முதலில் கிடைக்கும் பதில் ‘8 என்று மாற்றுங்கள்’ என்பதாகத்தான் இருக்கும். தயவுசெய்து கேட்காதீர்கள்.

இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு 2021 ஜூலை. சிவிஇ-2021-2351, மதிப்பெண் 8.3, லாகின் தேவையில்லை. கிளையன்ட்டுக்கும் சர்வருக்கும் நடுவில் போவதை என்கிரிப்ட் செய்கிற பாகத்திலேயே பலவீனம். சர்வருக்கு பேட்ச் போட்டாயிற்றா? சரி, கிளையன்ட்களுக்கும் போட வேண்டும். இரண்டும் ஆனதா? அப்புறம் ‘அலவ் வீக் கிரிப்டோ’ வகை செட்டிங்குகளை நாமாகப் போய் ‘ஃபால்ஸ்’ ஆக்க வேண்டும். அதுவரை பேட்ச் போட்ட சர்வரும் பழைய பலவீனமான முறையில் பேசத் தயாராகத்தான் இருக்கும். பேட்ச் லிஸ்ட்டை மட்டும் பார்க்கும் ஆடிட்டர் பச்சை டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

இவ்வளவு திட்டியாயிற்று. பேட்ச் என்ற பொருளை மட்டும் தனியாக எடுத்தால், அது ரொம்பவே தேறியிருக்கிறது. ஒரு காலத்தில் சிபியூ, பிஎஸ்யூ, எஸ்பியூ என்ற பல வகை பேட்சுகளில் எதைப் போடுவது என்பதிலேயே அரை நாள் போகும். 2017 ஜூலையிலிருந்து ‘ரிலீஸ் அப்டேட்’ என்று ஒன்று, முன்பு வந்ததெல்லாம் அதற்குள் அடக்கம். இரண்டு காலாண்டு தவறவிட்டிருந்தாலும் கடைசியாக வந்ததைப் போட்டால் போதும்.

போடுகிற விதம் இப்படி. ஆரக்கிளின் ஆர்மேன் கருவி எடுத்த பேக்கப்பிலிருந்து டெஸ்ட் மெஷினில் ஒரு நகல் எடுத்து, முதலில் அங்கே. பேட்சை ஏற்றும் ஓபேட்ச் கருவியைப் புதுப்பிக்க இறக்க வேண்டிய பேட்ச் எண் 6880880. இந்த எண் டிபிஏக்களுக்குத் தூக்கத்திலும் வரும். ஓடுகிற ஆரக்கிள் ஹோமை (மென்பொருள் இருக்கும் ஃபோல்டர்) தொடாமல் பக்கத்தில் இன்னொரு ஹோம் உருவாக்கி, பேட்சை அங்கே ஏற்றிவிடுவேன். இதை வேலை நாளில் பகலிலேயே செய்யலாம், யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை ராத்திரி இரண்டாம் ஷிப்ட் கணக்கு முடிந்ததும் டேட்டாபேஸை நிறுத்திப் புது ஹோமிலிருந்து கிளப்பிவிட்டு, டேட்டாபேட்ச் என்ற கருவியை ஓட்ட வேண்டும். ஏதாவது சொதப்பினால் டேட்டாபேட்ச் செய்த மாற்றத்தைத் திருப்பி, பழைய ஹோமுக்கே போய்விடலாம். டவுன்டைம் என்பது ஒரு சினிமா ஓடும் நேரத்துக்கும் குறைவு.

அந்த டேட்டாபேட்சைத்தான் பல பேர் விட்டுவிடுகிறார்கள். ஓபேட்ச் பைனரிகளை மாற்றுகிறது. டேட்டாபேஸுக்குள் இருக்கும் பிஎல்/எஸ்கியூஎல் பேக்கேஜ்களை (உள்ளேயே சேமித்த புரோகிராம்கள்) மாற்றுவது டேட்டாபேட்ச். இரண்டாவதை ஓட்டாவிட்டாலும் ‘ஓபேட்ச் எல்எஸ்இன்வென்டரி’ தரும் பட்டியலில் பேட்ச் போட்டதாகவே காட்டும். ஆரக்கிளின் பழைய ஓட்டைகளில் ஏகப்பட்டவை இந்த பேக்கேஜ்களில்தான் இருந்தன. எஸ்ஒய்எஸ் (டேட்டாபேஸின் உச்ச யூசர்) உரிமையில் ஓடும் ஒரு பேக்கேஜுக்கு எஸ்கியூஎல் துண்டு ஒன்றைப் பாராமீட்டராகச் சொருகி, சாதா யூசர் டிபிஏ ஆகிவிடுவது. ஆக, பார்க்க வேண்டிய இடம் ‘டிபிஏ_ரெஜிஸ்ட்ரி_எஸ்கியூஎல்பேட்ச்’ என்ற வியூ (டேட்டாபேஸே தரும் ஒரு பட்டியல்). அதில் கடைசி வரியில் ‘சக்சஸ்’ இருந்தால்தான் வீட்டுக்குக் கிளம்புவேன்.

இன்னொரு கண்ணி: டேட்டாபேஸின் ரிலீஸ் அப்டேட்டுக்குள் ஜாவா விஎம் பேட்ச் வராது. ஓஜேவிஎம் என்று தனியாக இறக்கிப் போட வேண்டும். மேலே சொன்ன 9.9 எந்தப் பாகத்தில் இருந்தது? ஜாவா விஎம். ரிலீஸ் அப்டேட்டை மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

‘பேட்ச் போட்டால் ரிப்போர்ட் எல்லாம் ஸ்லோ ஆகிவிடும்’ என்ற பயத்துக்கு இன்று பெரிய ஆதாரம் இல்லை. எஸ்கியூஎல் ஓடும் பாதையை மாற்றக்கூடிய ஆப்டிமைசர் திருத்தங்கள் ரிலீஸ் அப்டேட்டில் அணைத்து வைக்கப்பட்டுத்தான் வருகின்றன. நாமாக இயக்கினால் உண்டு. மாதக் கடைசி ரிப்போர்ட்டுகளை நகலில் ஓட்டிப் பார்ப்பதை நான் இன்னும் விடவில்லை, அது வேறு. ஆனால் அந்தப் பயத்துக்கு வயசு அதிகம். 2008-இல் சென்ட்ரிகோ என்ற கம்பெனி 305 ஆரக்கிள் ஆட்களிடம் கேட்டபோது, அவர்களில் 206 பேர் ஒரு காலாண்டு பேட்ச்கூட எப்போதுமே போட்டதில்லை என்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு. ‘எங்கள் டேட்டாபேஸை யாராலும் உடைக்க முடியாது’ என்று 2001-இல் லாரி எலிசன் விளம்பரமே செய்தார். சில மாதத்திலேயே டேவிட் லிட்ச்ஃபீல்டு என்ற ஆராய்ச்சியாளர் ஓட்டை மேல் ஓட்டையாக எடுத்துக் காட்டினார். அந்தச் சூட்டுக்குப் பிறகுதான் 2005 ஜனவரியில் காலாண்டு ஏற்பாடே தொடங்கியது. தொடங்கி மூன்று வருஷம் ஆகியும் 206 பேர்.

போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு கடை உதாரணம்தான் பிரசித்தம். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் லிட்ச்ஃபீல்டு கண்ட ஒரு பஃபர் ஓவர்ஃப்ளோ ஓட்டைக்கு (இடத்துக்கு மிஞ்சிய டேட்டாவைத் திணிப்பது) 2002 ஜூலையிலேயே பேட்ச் வந்துவிட்டது. 2003 ஜனவரி 25, சனிக்கிழமை, தானாகவே பரவும் ஸ்லாமர் என்ற வார்ம் கிளம்பியது. மொத்தமே 376 பைட், 1434 போர்ட்டில் ஒரே ஒரு யுடிபி பாக்கெட். பாதிக்கப்படக்கூடிய மெஷின்களில் பத்தில் ஒன்பது பங்கைப் பத்து நிமிஷத்தில் பிடித்தது. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏடிஎம்கள் நின்றன, தென்கொரியாவில் இன்டர்நெட்டே படுத்தது. பல இடங்களில் தங்களிடம் எஸ்கியூஎல் சர்வர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வேறு ஏதோ மென்பொருளோடு அதன் சின்ன வடிவம் கூடவே வந்து உட்கார்ந்திருந்தது.

மையெஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் பக்கம் 2012-இல் வந்தது இன்னும் வேடிக்கை. சில பில்டுகளில் பாஸ்வேர்டை ஒப்பிடும் ஃபங்ஷன் திருப்பித் தரும் எண்ணைச் சரியாகக் கையாளாததால், தப்பான பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் சுமார் 256-இல் ஒரு தடவை உள்ளே விட்டுவிடும். எந்தக் கடையும் சுத்தம் இல்லை. ஆனால் போஸ்ட்கிரெஸில் ஒரு சின்ன அப்டேட் போட பாக்கேஜை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் அநேகமாகக் கதை முடிந்தது. ஆரக்கிளில் அந்தச் சனிக்கிழமை ராத்திரி வேண்டியிருக்கிறது.

விலைக்கு வருவோம். என்டர்பிரைஸ் எடிஷன் பட்டியல் விலை ஒரு பிராசஸருக்கு 47,500 டாலர். டிஸ்கில் இருக்கும் டேட்டாவை என்கிரிப்ட் செய்யும் வசதி வேண்டும் என்றால் ‘அட்வான்ஸ்டு செக்யூரிட்டி’ என்று இன்னொரு 15,000 டாலர். இரண்டுக்கும் 22 சதவீதம் தனித்தனியாக. பேரம் பேசினால் குறையும், அது நம் சாமர்த்தியம். நெட்வொர்க் என்கிரிப்ஷனும் ஒரு காலத்தில் இந்தக் கூடுதல் காசுக்குள்தான் இருந்தது. 2013-இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அது இலவசம் என்பதே தெரியாமல் இன்னும் பல இடங்களில் எஸ்கியூஎல் எல்லாம் வெறும் எழுத்தாக ஒயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்பிரஸ் எடிஷனுக்கு பேட்சே கிடையாது. வீட்டில் கற்றுக்கொள்ள அருமை. ‘சின்ன அப்ளிகேஷன்தானே’ என்று அதில் வாடிக்கையாளர் டேட்டாவை வைக்க யாராவது யோசனை சொன்னால் ஆளை மாற்றுங்கள்.

என் மதிப்பெண்: பேட்சுக்கு ஐந்துக்கு நாலு. அறிவிப்புக்கு ஒன்றரை, அந்த அரைகூட ‘லாகின் இல்லாமலே’ என்ற கட்டம் இருப்பதற்காக.

இத்தனையும் செய்தாலும், நடுத்தரக் கம்பெனியில் பெரிய ஓட்டை ஆரக்கிளிடம் இல்லை, ஈஆர்பி போட்டுக்கொடுக்கிறவர்களிடம் இருக்கிறது. ஸ்காட் யூசருக்கு டைகர், சிஸ்டம் யூசருக்கு மேனேஜர் என்ற பழைய பாஸ்வேர்டுகள் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்க்க ‘டிபிஏ_யூசர்ஸ்_வித்_டெஃப்பிடபிள்யூடி’ என்று ஆரக்கிளே ஒரு வியூ வைத்திருக்கிறது. ஒரு செலக்ட் அடித்தால் தெரிந்துவிடும். ஆனால் ஈஆர்பிகாரர் யூசர் பெயரையே பாஸ்வேர்டாக வைத்து, அந்த யூசருக்கு டிபிஏ ரோலையும் கொடுத்துவிட்டுப் போனால், அந்தப் பாஸ்வேர்டைக் காட்ட எந்த வியூவும் இல்லை. எங்களுக்குச் செய்துகொடுத்தவர்கள் அப்படித்தான் கொடுத்தார்கள். ஏன் டிபிஏ என்று கேட்டால், “இல்லன்னா சில ஸ்கிரீன் ஓப்பன் ஆகாது சார்.” எந்த ஸ்கிரீன் என்று கேட்டால் பதில் இல்லை. ரோலைப் பிடுங்கிவிட்டு, ‘உரிமை போதவில்லை’ என்ற ஓரா-01031 வரவர ஒவ்வொரு உரிமையாகச் சேர்த்ததில் கடைசியில் தேவைப்பட்டது ஒரு சின்னப் பட்டியல்தான்.

பேட்ச் விஷயத்திலும் அவர்கள்தான் முட்டுக்கட்டை. ‘நாங்கள் டெஸ்ட் செய்து சொல்லும்வரை புது ரிலீஸ் அப்டேட் போட்டால் எங்கள் சப்போர்ட் கிடையாது’ என்று மெயில் வரும். டெஸ்ட் எப்போது முடியும் என்றால் மெயில் வராது. ஆகவே யாராவது புதிதாக ஈஆர்பி ஒப்பந்தம் போடுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு ரிலீஸ் அப்டேட்டையும் வெளியான எத்தனை நாளுக்குள் சரிபார்த்துக் கொடுப்பார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். நாங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது மூன்று மாதம் கேட்டோம். இழுபறிக்குப் பிறகு ஆறு மாதம் என்று எழுதிக்கொடுத்தார்கள். லாகின் இல்லாமல் தாக்கக்கூடிய ஓட்டை இருந்தால் மட்டும் முப்பது நாள். அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ இருக்கிறதா என்று அவர்களுடைய புராஜெக்ட் மேனேஜரும் இப்போது பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.